பாதியில் நிற்கும் பாட்டுகளுக்கு இப்போதே ஏற்பாடு செய்து வைப்பது எப்படி

இசை செய்கிற யாருடைய ஹார்டு டிரைவைத் திறந்தாலும் பாதியில் நிற்கும் பாட்டுகள் இருக்கும். தத்தகாரத்திலேயே நிற்கும் மெட்டு, பல்லவி மட்டும் பாடிய டேக் (ஒரு முறை பாடிப் பதிந்தது), சரணத்தில் வரியை மாற்றணும் என்று ஓரமாக வைத்த டெமோ, அதாவது மாதிரிப் பதிவு. இவற்றில் எது வெளியே போகலாம், எது போகவே கூடாது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் போன பிறகு அதை முடிவு செய்யப்போவது உரிமைக் காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 2016 ஏப்ரலில் இறந்தபோது உயில் எதுவும் கிடைக்கவில்லை, பெட்டகம் நிறைய வெளிவராத பதிவுகள் மட்டும் இருந்தன. சொத்து விவகாரம் முடியவே 2022 ஆகிவிட்டது, ஆனால் அதற்கு முன்பே பெட்டகத்திலிருந்து ஆல்பங்கள் வர ஆரம்பித்துவிட்டன. அவருக்கு அதில் சம்மதமா என்று கேட்க ஆளில்லை.

லேபிளோடு, அதாவது பாட்டை வெளியிடும் நிறுவனத்தோடு, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் உயிலைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்ட உரிமையை உயிலில் எழுதித் திரும்ப வாங்க முடியாது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். நீங்கள் பார்க்க வேண்டிய வரி, எந்தப் பதிவுகள் லேபிளுக்குச் சொந்தம் என்று சொல்லும் வரி. "முடித்து ஒப்படைத்தவை" என்று இருந்தால் ஓரளவு நிம்மதி. "ஒப்பந்தக் காலத்தில் பதிவு செய்த அனைத்தும்" என்று இருந்தால், நடு ராத்திரி போனில் முணுமுணுத்துப் பதிந்ததைக்கூட அவர்கள் உரிமை கோர வழி இருக்கிறது. அதனால் கையெழுத்துக்கு முன்னாலேயே, அது தாண்டிவிட்டால் புதுப்பிக்கும்போதாவது, ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: நான் எழுத்தில் சம்மதம் தராத எந்தப் பதிவும் வெளிவரக் கூடாது, என் மறைவுக்குப் பின் அந்தச் சம்மதத்தைத் தரும் அதிகாரம் இன்னாருக்கு. லேபிள் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை, கேளுங்கள். இன்னொன்று, பாட்டு வேறு, பதிவு வேறு. மெட்டுக்கும் வரிக்கும் ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னொரு உரிமை. கூட எழுதியவர், பீட் (தாளப் பின்னணி) செய்தவர் இருந்தால் அவர்களோடும் யாருக்கு என்ன பங்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஹார்டு டிரைவ். மூன்று ஃபோல்டர் போதும்: இப்படியே வெளியிடலாம், முடித்து வெளியிடலாம், வேண்டவே வேண்டாம். நடுவில் இருப்பதுதான் உண்மையான வேலை. அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வையுங்கள்: எந்த டேக் சரியானது, என்ன குறைகிறது, எது மெட்டுக்காகச் சும்மா போட்ட டம்மி வரி, எந்த வாத்தியம் தற்காலிகமாகப் போட்டது, முக்கியமாக, இதை முடிக்க யாரைக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடக் கூடாது. அமெரிக்க ராப் பாடகர் மாக் மில்லர் 2018இல் இறந்தபோது ஒரு ஆல்பம் பாதியில் நின்றது, அவரோடு சேர்ந்து அதில் வேலை செய்துகொண்டிருந்த தயாரிப்பாளர் ஜான் பிரையனே அதை முடித்தார், 2020இல் வெளிவந்தது. கனடாப் பாடகர் லெனார்ட் கோஹன் விட்டுப்போன பாட்டுகளை முடித்தது அவர் மகன் ஆடம், அப்பா கேட்டுக்கொண்ட வேலை அது. இதற்கு நேர் எதிர், கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு நடந்தது. அவர் இறந்து நாலரை ஆண்டுக்குப் பிறகு, 1975இல், அவர் கூட வாசித்தவர்களின் பகுதிகளை எடுத்துவிட்டு ஸ்டூடியோ வாத்தியக்காரர்களை வைத்து மறுபடி வாசிக்கச் செய்து ஒரு ஆல்பம் வந்தது, அதன் தயாரிப்பாளர் சில பாட்டுகளில் தன் பெயரையும் இசையமைப்பில் சேர்த்துக்கொண்டார். குடும்பத்துக்கு உரிமை திரும்பக் கிடைத்தது 1995இல்தான். எனக்கு இதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இசை மென்பொருள் சேமிக்கும் ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் நம்பாதீர்கள். பத்து வருஷம் கழித்து அந்த மென்பொருளும் அதோடு சேர்த்த பிளக்-இன் துணைக் கருவிகளும் திறக்குமா என்பதே சந்தேகம். ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக எடுத்து வையுங்கள், டெம்போவையும் சுருதியையும் ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள்.

வேண்டவே வேண்டாம் என்று போட்டதை என்ன செய்வது? அழித்துவிடுங்கள், இப்போதே, கிளவுடில் இருக்கும் பிரதியையும் சேர்த்து. மறைந்த ஆங்கிலப் பாடகி ஏமி வைன்ஹவுஸின் டெமோக்களை வேறு யாரும் தொடக் கூடாது என்று அவருடைய லேபிளின் தலைவரே அழித்துவிட்டதாக 2015இல் சொன்னார். அப்படி ஒருவர் உங்களுக்கும் அமைவார் என்று நம்பி உட்கார முடியாது.

உயிலில் இரண்டு பேரை எழுதுங்கள். பணக்கணக்குப் பார்க்க ஒருவர், இசை பற்றி முடிவெடுக்க இன்னொருவர், அவருக்கு வெளியீட்டிலிருந்து பெரிய வருமானம் வராமல் இருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கப் பாடகர் ஆண்டர்சன் பாக் தன் மறைவுக்குப் பிறகு ஆல்பமோ பாட்டோ வெளியிட வேண்டாம், அவை வெறும் டெமோக்கள் என்று கையிலேயே பச்சை குத்திக்கொண்டார். விருப்பத்தை ஊரறியச் சொல்ல நல்ல வழிதான், ஆனாலும் உயிலுக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள பலம் அதற்கு வராது, வக்கீலிடம் போய் முறையாக எழுதுங்கள்.

குரலைத் தனியாக எழுத வேண்டும். பதிவை வெளியிடுவது ஒன்று, உங்கள் குரலைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பழக்கி நீங்கள் பாடாததைப் பாட வைப்பது முற்றிலும் வேறு. 2024இல் ஏ.ஆர்.ரஹ்மான் மறைந்த இரு பாடகர்களின் குரலை இப்படிக் கொண்டுவந்தபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் தந்ததாகச் சொன்னார். உங்கள் குடும்பத்திடமும் யாராவது வந்து கேட்கலாம். அவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்பதை, ஆம் என்றாலும் வேண்டாம் என்றாலும், நீங்களே எழுதிவிட்டால் அந்தப் பாரம் அவர்கள் தலையில் விழாது.

முடித்து வெளியிடச் சம்மதித்தால் இரண்டு நிபந்தனை போடுங்கள். எது உங்களுடையது, எது பிறகு சேர்த்தது என்று ஆல்பத்திலேயே அச்சிட வேண்டும். உங்கள் மூல டேக்கையும் கூடவே வெளியிட வேண்டும். மைக்கேல் ஜாக்சன் பெயரில் 2010இல் வந்த ஆல்பத்தில் மூன்று பாட்டுகளில் இருப்பது அவர் குரல்தானா என்று வழக்குவரை போய், கடைசியில் 2022இல் அவற்றை ஸ்ட்ரீமிங்கிலிருந்து எடுத்தார்கள். ஆனால் அவர் பெயரில் 2014இல் வந்த ஆல்பத்தின் விரிவான பதிப்பில் அவருடைய மூலப் பதிவுகளும் இருந்தன, கேட்கிறவர்கள் தாங்களே ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

எல்லாம் எழுதியதும் ஒரு பிரதி வக்கீலிடம், ஒரு பிரதி இசை முடிவெடுப்பவரிடம். ஹார்டு டிரைவ் கடவுச்சொல்லை உயிலுக்குள் எழுதாதீர்கள், பல இடங்களில் உயில் பின்னர் பொது ஆவணமாகிவிடும், அதைத் தனி உறையில் கொடுங்கள். புது ஒப்பந்தம் போடும்போதெல்லாம் இந்தக் காகிதத்தையும் எடுத்துத் திருத்துங்கள்.