கண்ணுக்குள் நிறம் மாறும் கொடி: ஜாஸ்பர் ஜான்ஸ் வழியில் ஓர் ஓவியம்

அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1965இல் தீட்டிய ‘ஃப்ளாக்ஸ்’ ஓவியத்தில் அமெரிக்கக் கொடி மேலும் கீழுமாக இரண்டு தடவை வருகிறது. மேல் கொடியில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. பச்சை, கறுப்புப் பட்டைகள். ஆரஞ்சுக் கட்டத்தில் கறுப்பு நட்சத்திரங்கள். நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. கீழ்க் கொடி வெறும் சாம்பல். வெள்ளைப் புள்ளியை உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கீழே இறக்கினால், சாம்பலின் மேல் கொடியின் அசல் நிறங்கள் எழும். விழித்திரை ஒரே நிறத்தை நெடுநேரம் பார்த்துச் சோர்ந்துபோக, அதன் எதிர்நிறம் சிறிது நேரம் தெரிகிறது. இதுதான் பின்பிம்பம்.

ஜான்ஸைப் பாப் ஓவியர் என்பதைவிட, அன்றாடப் பொருள்களையும் விளம்பரப் படங்களையும் ஓவியமாக்கிய பாப் கலைக்கு வழி திறந்தவர் என்பதே சரி. கொடியின் வடிவத்தை அவர் இங்கே கலைக்கவில்லை, நிறத்தை மட்டும் புரட்டினார். இதே வழியில் ஓர் ஓவியம் வரையப்போகும் நீங்களும் அளவுகளில் கை வைக்காதீர்கள். கொடி கோணலாக இருந்தால் விளையாட்டு கேலிச்சித்திரமாகிவிடும்.

அளவுகள். 45 × 60 செ.மீ. கேன்வாஸை நெட்டாக வையுங்கள். ஒவ்வொரு கொடியும் 37 செ.மீ. அகலம், 19.5 செ.மீ. உயரம். பட்டைகள் 13, ஒவ்வொன்றும் 1.5 செ.மீ. இடது, வலது ஓரங்களில் 4 செ.மீ. விடுங்கள். மேலே, இரு கொடிகளுக்கு நடுவே, கீழே என மூன்று இடத்திலும் 7 செ.மீ. இடைவெளி. நட்சத்திரக் கட்டம் 14.8 செ.மீ. அகலம், மேலிருந்து ஏழு பட்டை உயரம், அதாவது 10.5 செ.மீ. நட்சத்திரங்களுக்கு 48 உள்ள பழைய அமைப்பே வசதி: ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு. அலாஸ்காவும் ஹவாயும் 1959இல் மாநிலங்களாகும் வரை கொடி அப்படித்தான் இருந்தது. 1954-55இல் ஜான்ஸ் செய்த முதல் ‘ஃப்ளாக்’ ஓவியத்திலும் 48தான். கட்டத்தை 1.85 × 1.75 செ.மீ. அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் 1.2 செ.மீ. நட்சத்திரம் வையுங்கள்.

நிறச் சோதனை. இதைத் தாண்டிப் போகாதீர்கள்; ஓவியம் தேறுவதும் கெடுவதும் இங்கேதான். வெள்ளைத் தாளில் 5 செ.மீ. சதுரங்களாக நிறங்களைப் பூசி, காய்ந்ததும் ஒவ்வொன்றையும் அரை நிமிடம் பார்த்துவிட்டு வெற்றுத் தாளுக்குக் கண்ணை மாற்றுங்கள். பச்சையிலிருந்து சிவப்பு வராமல் ஊதா கலந்து வந்தால் உங்கள் பச்சையில் மஞ்சள் அதிகம். துளி நீலம் சேருங்கள். ஆரஞ்சிலிருந்து நீலத்துக்குப் பதில் நீலப்பச்சை வந்தால் சிவப்பு அதிகம், மஞ்சள் சேருங்கள். தாலோ பச்சை என்னும் அடர்ந்த நீலப்பச்சை வண்ணத்தை டியூபிலிருந்து அப்படியே பூசினால் கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கும், பின்பிம்பத்தில் சிவப்புப் பட்டை வெளுத்துவிடும். வெள்ளை கலந்து நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளை மிஞ்சினாலும் நிறம் செத்துவிடும். பின்பிம்பச் சிவப்பு எப்படியும் சற்றே இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். துணிக்கொடியின் அடர்த்தியை எதிர்பார்க்க வேண்டாம்.

பூசும் வரிசை. கேன்வாஸுக்கு அடிப்பூச்சாகும் வெள்ளை ஜெஸ்ஸோ இரண்டு கோட். மேல் கொடியின் நட்சத்திரக் கட்டத்தை டேப் ஒட்டி வெள்ளையாகவே காப்பாற்றுங்கள். அக்ரிலிக் ஆரஞ்சு பெரும்பாலும் ஒளி ஊடுருவும்; அடியில் பச்சை இருந்தால் அழுக்காகும். மீதிக் கொடி முழுவதையும் பச்சையால் நிரப்புங்கள். காய்ந்தபின் மேலிருந்து 1, 3, 5 என ஒற்றைப்படைப் பட்டைகளை மாஸ்கிங் டேப்பால் மூடி, டேப்பின் ஓரத்தில் முதலில் அதே பச்சையை மெல்லிசாக இழுங்கள். கசிவது பச்சையாகவே இருப்பதால், மேலே வரும் கறுப்பின் விளிம்பு கத்தியாக நிற்கும். கறுப்பு முழுதாக இறுகுவதற்கு முன்பே டேப்பை உரித்துவிடுங்கள். பிறகு கட்டத்துக்கு ஆரஞ்சு மூன்று மெல்லிய கோட், அதன்மேல் நட்சத்திரங்கள்.

பின்னணிக்கு வெளிர் சாம்பல்: வெள்ளை 10 பங்கு, கறுப்பு 1 பங்கில் தொடங்கிச் சரிசெய்யுங்கள். கீழ்க் கொடியை அதைவிடச் சற்றே வெளுத்தும் சற்றே கறுத்தும் உள்ள இரண்டு சாம்பல்களில் வரையுங்கள். மெல்லிய விளிம்புகள் இருந்தால் பின்பிம்ப நிறம் அவற்றுக்குள் நிறைந்து நிற்கும். வேறுபாடு அதிகமானால் சாம்பல் கொடியே கண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

மேல் கொடியின் நடுவில், ஏழாவது பட்டையில், 6 மி.மீ. வெள்ளைப் புள்ளி. கீழ்க் கொடியில் அதே இடத்தில் கறுப்புப் புள்ளி. இடம் பிசகினால் நிறம் பட்டைகளோடு பொருந்தாது.

வார்னிஷ் பளபளப்பில்லாத மேட் வகையாக இருக்கட்டும். பளபளப்பானது விளக்கை எதிரொளித்து, கறுப்புப் பட்டையிலேயே வெள்ளைத் திட்டு போடும்.

பார்ப்பது. நல்ல, சீரான வெளிச்சம், 70 செ.மீ. தூரம், வெள்ளைப் புள்ளியில் 30 முதல் 40 விநாடி. ஒன்றும் வரவில்லை என்பவர்களில் பலர் பார்வையைப் பட்டைகள்மேல் அலையவிட்டவர்கள்தான். பிம்பம் மங்கினால் கண் சிமிட்டுங்கள், கொஞ்சம் திரும்பி வரும். சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவர்களுக்கு அந்தச் சிவப்பு தெரியாமல் போகலாம்.

கீழ்க் கொடியே வேண்டாம் என்றாலும் ஓவியம் வேலை செய்யும். வியட்நாம் போருக்கு எதிராக 1969இல் ஜான்ஸ் செய்த ‘மொரட்டோரியம்’ சுவரொட்டியில் ஒரு கொடியும் ஒரு வெள்ளைப் புள்ளியும் மட்டுமே. பக்கத்துச் சுவர்தான் திரை. அப்படி வைப்பதானால் வெளிர்நிறச் சுவராகப் பாருங்கள். சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதில் எழும் கொடியும் அவ்வளவு பெரிதாகும்.