குஞ்சுகளை வெளியே விடும்போது செய்யும் தவறுகள்

புதிதாகக் கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் முதல் தொகுதிதான் கண்முன் வருகிறது. தண்ணீர் வை, பூனையிடமிருந்து காப்பாற்று என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தெரியாமல் செய்வதை மட்டும் சொல்கிறேன்.

பகல் வெயிலை நம்புவது

என் குஞ்சுகளுக்கு அப்போது 3 வாரம். நல்ல வெயில், மண்ணைக் கிளறி ஓடியாடின. சரி, இனி சூடு கொடுக்கும் விளக்கு எதற்கு என்று இரவும் வெளிக்கூண்டிலேயே விட்டுவிட்டேன். விடியற்காலையில் தூறல், குளிர்காற்று. காலையில் போய்ப் பார்த்தால் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தன. இன்றும் யாராவது "வெயில் நல்லா அடிக்குது, வெளியே விட்டுட்டேன்" என்றால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இறக்கையில் இறகு முளைத்ததைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். இறக்கை முந்திக்கொள்ளும், மார்பும் முதுகும் தலையும் பின்னால்தான் வரும். அதுவரை உடம்பில் இருப்பது பஞ்சு, நனைந்தால் சூடு நிற்காது. முழு இறகு வரப் பெரும்பாலும் 5, 6 வாரம் ஆகிவிடும். முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு கொடுங்கள், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். இடையில் வெதுவெதுப்பான பகலில் ஒரு மணி நேரம் வெளியே விட்டுத் திரும்ப எடுத்துவிடலாம். பிறகு பகலில் விளக்கை நிறுத்திப் பாருங்கள், கடைசியாக இரவில். வெளியே மாற்றிய முதல் சில இரவுகள் டார்ச்சுடன் போய்ப் பாருங்கள். கூண்டின் மூலைகளை அட்டையால் வளைத்து அடைத்தால் குவிவது குறையும்.

செய்தித்தாள் விரிப்பது

வழுக்கும், கால் விரிந்துபோகும். மரச்சீவல் போடுங்கள்.

முட்டைக்கோழித் தீவனம்

குஞ்சுக்கு வேண்டாம். அதிலுள்ள அதிகக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஈரக் கூளம்

கூண்டில் விரித்த கூளம் நனைந்து கிடந்தால் ரத்தக்கழிச்சல் வரும், அந்தக் கிருமிக்கு ஈரமும் சூடும்தான் தேவை. எச்சத்தில் ரத்தம் தெரிந்தாலோ குஞ்சுகள் சிறகைத் தொங்கவிட்டு ஒடுங்கி நின்றாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாளை பார்க்கலாம் என்று விட்டால் இன்னும் சில போய்விடும்.

பெரிய கோழிகளோடு உடனே சேர்ப்பது

கொத்திக் கிழித்துவிடும். நடுவில் கம்பிவலை வைத்து, ஒன்றையொன்று பார்த்துப் பழக ஒரு வாரமாவது கொடுங்கள்.