மொரே-சுர்-லுவான்: ஒரு ஸ்டேஷனில் இறங்கி அடுத்த ஸ்டேஷனில் ஏறும் ஒருநாள் பயணம்

பாரிஸுக்குத் தென்கிழக்கே உள்ள மொரே என்ற சிற்றூருக்குத் திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். ஆறும் பாலமும் அன்றும் அங்கேதான் இருக்கும். ஆனால் பேக்கரி, உணவகம், கடை என்று பல இடங்களில் கதவு சாத்தியிருக்கும். மத்தியானம் பசியோடு தெருத்தெருவாக அலைவதுதான் மிச்சம். பிரான்ஸின் சிற்றூர்களில் ஞாயிறு காலை திறந்திருக்கும் கடைக்குத் திங்கள் விடுமுறை என்பது எழுதப்படாத வழக்கம். ஆகஸ்ட்டில் இன்னொரு சிக்கல் உண்டு: முதலாளியே விடுமுறைக்குப் போய்விடுவதால் இரண்டு மூன்று வாரம் பூட்டிக் கிடக்கும் கடைகளும் இருக்கும். மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் ஒரு வெள்ளி அல்லது ஞாயிறு அமைந்தால் நல்லது. வெள்ளி ஏன், ஞாயிறு ஏன் என்பது கீழே வருகிறது.

பாரிஸிலிருந்து தென்கிழக்கே ரயிலில் சுமார் 50 நிமிடத் தொலைவு. ஒரு பக்கம் ஃபோந்தேன்ப்லோ காடு, மறுபக்கம் லுவான் என்ற சிறிய ஆறு. 12ஆம் நூற்றாண்டில் இது பிரெஞ்சு அரசரின் ஆட்சி முடியும் எல்லை ஊர். ஊருக்கு இவ்வளவு பெரிய கோட்டை வாசல்கள் எதற்கு என்ற கேள்விக்கு அதுதான் பதில். அரண்மனை பார்க்க வரும் கூட்டம் ஃபோந்தேன்ப்லோவிலேயே இறங்கிவிடும். அதைத் தாண்டிச் சில நிமிடம் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் இந்த ஊரின் அமைதி கிடைக்கும்.

டிக்கெட்

மொரே ஐந்தாம் கட்டண மண்டலத்தில், அதாவது பாரிஸைச் சுற்றிய ஈல்-தெ-பிரான்ஸ் வட்டாரத்தின் எல்லைக்குள் இருக்கிறது. 2025 ஜனவரியில் இந்த வட்டாரம் முழுவதற்கும் மெட்ரோ, ரயில், ஆர்இஆர் (புறநகர் விரைவு ரயில்) டிக்கெட் ஒரே விலையானது. அந்த ஆண்டு விலை 2.50 யூரோ. ஜனவரி தோறும் சில சென்ட் ஏறலாம். முன்பு தூரத்துக்கேற்ப இரண்டு மடங்கு கொடுத்தவர்கள் இப்போது மெட்ரோ விலையில் போய்வரலாம். எல்லா மண்டலங்களுக்குமான நவிகோ வார அட்டையோ மாத அட்டையோ இருந்தால் தனி டிக்கெட்டே வேண்டாம்.

இல்லாதவர்கள் 2 யூரோவுக்கு நவிகோ ஈஸி அட்டை வாங்கி, போக ஒன்று, வர ஒன்று என இரண்டு டிக்கெட்டை ஏற்றிக்கொள்ளுங்கள். வரும்போது வாங்கலாம் என்று விடாதீர்கள். சின்ன ஸ்டேஷனில் கவுன்ட்டர் மூடியிருக்கும், இருக்கிற ஒரே இயந்திரமும் அன்றைக்கென்று மக்கர் பண்ணும். ஒரு அட்டையை இருவர் பகிர முடியாது. ஆளுக்கொன்று வேண்டும். நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு டிக்கெட் கிடையாது.

அந்த டிக்கெட்டில் மெட்ரோவிலிருந்து ரயிலுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் மாறலாம். பஸ்ஸுக்கு மாற முடியாது, அது தனி டிக்கெட். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் சாப்பாட்டுப் பார்சல் வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் கார் து நோரிலிருந்து ஆர்இஆர் டி பிடித்தால் இரண்டாவது நிறுத்தமே, மொரே ரயில் கிளம்பும் கார் தெ லியோன் ஸ்டேஷன். ஆனால் அங்கே இறங்கி வெகுநேரம் சுற்றினால் இரண்டு மணிக் கணக்கு தாண்டிவிடும். சின்ன ஸ்டேஷன்களில் தடுப்புக் கதவுக்குப் பதிலாக வெறும் கம்பத்தில் இயந்திரம் இருக்கலாம். கதவில்லையே என்று அப்படியே நடந்துவிடாமல், பச்சை விளக்கு எரியும்வரை அட்டையை வையுங்கள். அட்டையில் டிக்கெட் இருந்தும் பதியாமல் ஏறினால் பரிசோதகரிடம் அபராதம்தான்.

எந்த ரயில்

கார் தெ லியோனில் ஆர் லைன். இறங்க வேண்டிய ஸ்டேஷனின் பெயர் மொரே–வெனூ-லே-சாப்ளோன். அதில் லுவான் என்ற சொல்லே வராது. ஊரின் நிர்வாகப் பெயரும் பக்கத்து ஊர்களோடு இணைந்தபின் மொரே-லுவான்-ஏ-ஒர்வான் என்று மாறிவிட்டது. மூன்றும் ஒன்றே என்று தெரிந்துகொண்டால் மேப்பைப் பார்த்துக் குழம்ப மாட்டீர்கள்.

மோந்தார்ஜி போகும் ரயிலும் மோந்தெரோ போகும் ரயிலும் மொரேவில் நிற்கும். அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது. பலர் ஏமாறுவது இன்னொரு இடத்தில். மெலனிலிருந்து எரிசி வழியாக மோந்தெரோ போகும் ரயில் சேன் நதியின் மறுகரையில் ஓடுகிறது. அது ஃபோந்தேன்ப்லோவுக்கும் வராது, மொரேவுக்கும் வராது. கடைசி ஊரின் பெயரை மட்டும் பார்த்து ஏறாமல், வழியில் மொரே இருக்கிறதா என்று பலகையில் பாருங்கள். சனி, ஞாயிறுகளில் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவிட்டு மாற்றுப் பஸ் விடுவதும் உண்டு. முந்தின இரவே ஈல்-தெ-பிரான்ஸ் மொபிலிடே செயலியில் பார்த்துவிடுங்கள்.

ஊருக்குள்

ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை. பழைய ஊருக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர், இருபது நிமிட நடை. வழி சாதாரணக் குடியிருப்புத் தெருதான். இதற்கா வந்தோம் என்று தோன்றும், பொறுங்கள். சான்த்ர்-வீல் (ஊர் மையம்) என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு போனால் போர்த் தெ சமுவா என்ற கல் கோபுர வாசல் வரும். சுற்றுலா அலுவலகமும் அருகிலேயே இருக்கிறது. அங்கே ஊர் வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசலுக்குள் நுழைந்தால் ரூ கிராந்த். ஊரின் ஒரே பெரிய தெரு, நேராக மறுவாசலான போர்த் தெ பூர்கோனில் போய் முடியும். வேகமாக நடந்தால் ஐந்தாறு நிமிடத்தில் ஊரே முடிந்துவிடும். எனவே வேகமாக நடக்காதீர்கள். வலமும் இடமும் பிரியும் சந்துகளில்தான் பழைய வீடுகள் இருக்கின்றன. கல் பாவிய தெரு என்பதால் சின்னச் சக்கரத் தள்ளுவண்டி குலுங்கும். குழந்தையை இடுப்பிலோ முதுகிலோ தூக்குவது மேல். குதிகால் செருப்பு வேண்டாம்.

ஓவியர் ஆல்ஃப்ரெட் சிஸ்லே 1889 முதல் 1899 ஜனவரியில் இறக்கும்வரை இந்த ஊரில் வாழ்ந்தார். பாரிஸில் பிறந்தவர், பெற்றோர் ஆங்கிலேயர், கடைசிவரை பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கவில்லை. கல்லறையும் இங்கேதான். ரூ மோன்மார்த்ர் 19ஆம் எண் வீடு அவருடையது. இப்போது தனியார் வீடு, வெளியே நின்று பார்க்கலாம், மணி அடிக்கக் கூடாது. 1893, 94இல் அவர் இந்த ஊரின் நோத்ர்-தாம் தேவாலயத்தை வெவ்வேறு வெளிச்சத்தில் திரும்பத் திரும்ப வரைந்தார். கிளம்பும் முன் அந்தப் படங்களையும், பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் 1893ஆம் ஆண்டு மொரே பால ஓவியத்தையும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் நின்ற கோணத்தைத் தேடி நாலடி முன்னும் பின்னும் நகர்வது வழிகாட்டிப் பலகைகளைப் படிப்பதைவிடச் சுவையானது.

காட்சி எங்கே, எப்போது

போர்த் தெ பூர்கோனைத் தாண்டினால் பாலம். பாலத்திலிருந்தே படம் எடுத்துத் திரும்பிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. பாலத்தில் நிற்பவருக்குப் பாலம் தெரியாது. அக்கரைக்குப் போய் ஆற்றோரப் புல்வெளியில் இறங்குங்கள். ப்ரே தெ பேன் என்று பெயர். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் பால வளைவுகள், ஆற்றுக்குள் நிற்கும் பழைய ஆலை வீடு, வாசல் கோபுரம், அதன் மேலே தேவாலயம், எல்லாம் ஒரே சட்டத்தில் வரும்.

லுவான் இங்கே ஏறக்குறைய வடக்கு நோக்கி ஓடுகிறது, ஊர் மேற்குக் கரையில். அதனால் காலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து ஊரின் மேல் விழும். மதியத்துக்குப் பிறகு சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் போய்விடும். படத்தில் கோபுரம் கறுத்துப்போய் நிற்கும். பதினொரு மணிக்குள் புல்வெளிக்கு வந்துசேர வேண்டும் என்று கணக்கு வைத்து ரயிலைத் தேர்ந்தெடுங்கள்.

தண்ணீர் பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆலையை ஒட்டிய தடுப்பணைப் பக்கம் இறங்காதீர்கள். அங்கே அடிநீர் இழுக்கும். 2016 ஜூன் தொடக்கத்தில் இதே ஆறு கரை புரண்டு ஊருக்குள் வந்தது. பெருமழைக்குப் பின் போவதானால் விஜிக்ரூ என்ற அரசு வெள்ள எச்சரிக்கைத் தளத்தில் லுவானின் நிறத்தைப் பாருங்கள். பச்சை இல்லையென்றால் கரையோர நடையைத் தள்ளிப்போடுங்கள்.

சாப்பாடு

உணவக அடுப்பு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான். இரண்டு மணிக்கு மேல் காபி கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது. கெஞ்சியும் பயனில்லை. சைவர்கள் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரலாம், பன்றித் துண்டு தூவிய சாலட்டும் வரலாம். "நி வியாந்த், நி புவாசோன், நி ஜாம்போன்" என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்தது. குடிக்கக் குழாய்த் தண்ணீர் இலவசம், "ஊன் கராஃப் தோ" என்று கேளுங்கள். எந்தக் கடையில் நுழைந்தாலும் முதல் சொல் பொன்ஜூர். அதைச் சொல்லாமல் விலை கேட்டால் முகம் இறுகிவிடும்.

ஆனால் இந்த ஊரில் மேசை போட்டுச் சாப்பிடுவதைவிடப் புல்வெளிச் சாப்பாடுதான் பொருத்தம். வெள்ளி காலை மொரேவில் சந்தை கூடும். ஒரு பகெத் (நீள ரொட்டி), தக்காளி, பழம், 150 கிராம் பிரி சீஸ் இருந்தால் இருவருக்குப் போதும். பிரி இந்த மாவட்டத்துப் பண்டம். பிரி தெ மோ மென்மையானது, பிரி தெ மெலன் சிறியது, காரமும் உப்பும் தூக்கலானது. முதல்முறை சாப்பிடுகிறவர்கள் மோவிலேயே தொடங்கட்டும். இரண்டுமே பச்சைப் பாலில், கன்றின் இரைப்பை நொதியைக் கொண்டு உறைய வைப்பவை. கர்ப்பிணிகளும் கண்டிப்பான சைவர்களும் தவிர்க்க வேண்டும்.

ஊரின் இனிப்பு சுக்ர் தோர்ஜ். பார்லி வேகவைத்த நீரும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய தேன்நிற மிட்டாய். 1638 முதல் இங்கிருந்த பெனடிக்டைன் கன்னியாஸ்திரிகளின் பக்குவம் என்பார்கள். தகர டப்பாவில் கிடைக்கும். கடிக்காமல் வாயில் ஊறப்போட வேண்டியது.

திரும்பி நடக்காதீர்கள்

வந்த வழியே ஸ்டேஷனுக்குப் போவது அலுப்பு. பாலம் தாண்டிக் கிழக்கே சிறிது தூரம் போனால் லுவான் கால்வாய் குறுக்கிடும். 1720களில், தெற்கிலிருந்து வந்த சரக்குப் படகுகளைச் சேன் நதியில் சேர்க்க வெட்டியது. அதன் கரைப்பாதையில் இடப்புறம், அதாவது வடக்கே, திரும்புங்கள். ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர், மேடுபள்ளம் இல்லாத நடை. எபிசி, நெமூர் என்று பலகை கண்டால் தெற்கே போகிறீர்கள் என்று பொருள். திரும்பிவிடுங்கள். குளிர்காலத்தில் பாதை சேறாகும். சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து வருவார்கள், குழந்தையைத் தண்ணீர் இல்லாத பக்கம் நடத்துங்கள்.

ரயில் பாலத்தின் அடியில் நுழைந்து வெளிவந்தால் சான்-மமெஸ். லுவான் சேன் நதியில் கலக்கும் இடம். படகுக்காரர்களின் ஊர். கரையெங்கும் பெனிஷ் எனப்படும் நீண்ட சரக்குப் படகுகள் கட்டியிருக்கும். பழைய அளவில் கட்டியவை 38.5 மீட்டர் நீளமும் ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் அகலமும் கொண்டவை. மதகுகளின் அளவுக்கே வெட்டித் தைத்த சட்டை போல. பலவற்றில் குடும்பங்கள் வாழ்கின்றன. பூந்தொட்டியும் துணிக்கொடியும் அழகாக இருக்கும், அதற்காக ஏறுபலகையில் கால் வைக்காதீர்கள். அது அவர்கள் வீட்டு வாசற்படி.

சான்-மமெஸில் ஞாயிறு காலை ஆற்றங்கரையில் சந்தை. எனவே ஞாயிறு போகிறவர்கள் பயணத்தைத் தலைகீழாக்குங்கள். மோந்தெரோ ரயிலில் மொரேவைத் தாண்டி அடுத்த நிறுத்தமான சான்-மமெஸில் இறங்கி, சந்தையில் வாங்கிக்கொண்டு, கால்வாயோரம் மொரேவுக்கு நடங்கள். ஒன்பதரைக்குள் இறங்கினால்தான் பதினொரு மணி வெயிலைப் பிடிக்க முடியும்.

மற்ற நாட்களில் சான்-மமெஸில் ரயில் ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே மோந்தெரோ கிளை ரயில்கள் மட்டுமே நிற்கும், மொரேவில் நிற்பவற்றில் ஏறக்குறைய பாதி. கூட்ட நேரம் தவிர்த்து மணிக்கொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நதிகள் கூடும் முனையிலிருந்து ஸ்டேஷனுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். மொரே புல்வெளியை விட்டு எழும் முன்பே திரும்பும் ரயிலின் நேரத்தைப் பார்த்து, அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் கழித்து நடையைத் தொடங்குங்கள். ரயில் தவறினால் பிளாட்பாரத்தில் உட்காராமல் ஆற்றங்கரைக்கே திரும்பிவிடுங்கள். ஸ்டேஷனில் பார்க்க ஒன்றுமில்லை.