டேட்டாபேஸ் லாகினுக்கு ஓடிபி பூட்டு
போஸ்ட்கிரெஸ் (ஒரு டேட்டாபேஸ் மென்பொருள்) லாகினுக்குப் பாஸ்வேர்டு தவிர இரண்டாவது பூட்டு வேண்டுமென்றால் டேட்டாபேஸைத் தொடவே வேண்டாம். அது இயல்பாக லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே சர்வருக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும்தான் ஏற்கும், அதை அப்படியே விட்டுவிட்டு, சர்வரின் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) லாகினில் கீ என்ற சாவிக் கோப்போடு 6 இலக்க ஓடிபியையும் கட்டாயமாக்கி, எல்லோரையும் எஸ்எஸ்ஹெச் டனல் (அந்த இணைப்புக்குள் போகும் மறையாக்கிய பாதை) வழியாகவே உள்ளே வரச் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸின் வாசலான 5432 போர்ட் வெளியே திறந்திருக்காது என்பதால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு யார் கையிலாவது சிக்கினாலும் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் அந்த எண் இல்லாமல் வெளியிலிருந்து நெருங்க முடியாது. டனல் திறந்திருக்கும்வரை மறுபடி ஓடிபி கேட்காது, அதுவே பெரிய நிம்மதி.

ஆனால் வேறு மெஷினில் ஓடும் அப்ளிகேஷனுக்கும் நள்ளிரவு பேக்கப்புக்கும் இது சரிவராது, ஓடிபி அடிக்க அங்கே ஆள் இல்லை. அவற்றுக்குக் குறைந்த உரிமையோடு தனி யூசர், அவற்றுக்காக மட்டும் டேட்டாபேஸை உள் நெட்வொர்க் முகவரியிலும் இணைப்பை ஏற்க வைத்து, அங்கே குறிப்பிட்ட ஐபிக்கு மட்டும் அனுமதி. அப்புறம், உங்களுடையது போஸ்ட்கிரெஸ் அல்ல, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் 8.0.27 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால், லாகினுக்கு மூன்று அடுக்குச் சோதனை வரை உள்ளேயே வசதி உண்டு, முதலில் அதைப் பாருங்கள்.