ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு இருக்கட்டும், புதன்கிழமை சிக்கனைக் குறைப்போம்

கறியைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவர்களில் பலர் முதல் நாளே "இனிமேல் தொடவே மாட்டேன்" என்று முடிவெடுக்கிறார்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மட்டன் குழம்பு கொதிக்கும்போது அந்த முடிவு போய்விடுகிறது. எனக்கும் இரண்டு முறை அப்படி ஆனது. மூன்றாவது முறை ஞாயிற்றுக்கிழமையில் நான் கை வைக்கவில்லை, அதனால்தான் நிலைத்தது.

முதல் படி: எழுதுங்கள்

ஒரு வாரம் எதையும் மாற்றாமல், என்றைக்கு என்ன கறி, எங்கே, ஏன் சாப்பிட்டீர்கள் என்று போனில் குறித்து வையுங்கள். என் கணக்கில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டது ஒரே வேளை. மற்றதெல்லாம் ஆபீஸ் பக்கத்தில் சிக்கன் ரைஸ், சாயங்காலம் சிக்கன் 65, சமைக்க அலுப்பாக இருந்த இரவில் வாங்கிய பிரியாணி. ஆசைப்பட்டுச் சாப்பிட்டவைகூட இல்லை. முதலில் எடுக்க வேண்டியது இவற்றைத்தான்.

இரண்டாவது: எதில் தொடங்குவது

மட்டனை விட்டுவிட்டு சிக்கனுக்கு மாறச் சொல்வார்கள். ஆடு மாடு அசைபோடும் வயிற்றில் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு உண்டாகிறது, கோழிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அந்த வகையில் சரிதான். ஆனால் உயிர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு ஆட்டில் 10, 12 கிலோ கறி தேறும், ஒரு பிராய்லரில் ஒன்றரை கிலோ தேறுவதே பெரிது. அதே கறிக்கு ஏழெட்டுக் கோழியாவது வேண்டும். அவை முட்டையிலிருந்து வெளிவந்து ஆறு வாரத்தில், 2 கிலோ வந்ததும் வெட்டுக்குப் போகின்றன. அவ்வளவு வேகமாக எடை போடுவதால் பல கோழிகளுக்குக் காலே தாங்குவதில்லை. மேய்ந்து வளர்ந்த வெள்ளாட்டுக்கு வெயிலும் இலை தழையுமாவது கிடைத்திருக்கும். அதனால் என்னைக் கேட்டால், பிராய்லரில்தான் தொடங்க வேண்டும்.

முட்டையும் இதே கதைதான். நாமக்கல் பக்கம் பெரும்பாலான பண்ணைகளில் கோழிகள் கம்பிக் கூண்டில் இருக்கின்றன, ஒன்றுக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. வெளியே விட்டு நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் தெரிந்திருந்தால் அவர்களிடம் வாங்குங்கள். விலை கூடுதல், அதற்கேற்ப எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: மசாலாவை மாற்றாதீர்கள்

சுக்கா என்றால் நாக்குக்கு முதலில் தெரிவது மிளகும் சோம்பும் கல்பாசியும் நல்லெண்ணெயில் வதங்கிய சின்ன வெங்காயமும். அதை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே போடுவதை மட்டும் மாற்றுங்கள். இரவே ஊறவைத்து ஐந்தாறு விசில் விட்ட கருப்புக் கொண்டைக்கடலை இதற்கு அருமையாகச் சேரும்.

மீல்மேக்கர் பிடிக்காது என்பவர்கள் பெரும்பாலும் சரியாகப் பிழியாததைச் சாப்பிட்டவர்கள். உப்புப் போட்ட கொதிநீரில் ஐந்து நிமிடம் வையுங்கள், பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி ஒட்டப் பிழியுங்கள், அப்போதுதான் சோயா வாடை போகும். அப்புறம் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூளில் பிரட்டி அரை மணி நேரம் ஊறவிட்டு வறுக்கலாம்.

மீன் வறுவல் மசாலாவுக்கு சேனைக்கிழங்கு. அரை விரல் கனத்தில் நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்ட புளித்தண்ணீரில் முக்கால் பதம் வேகவிடுங்கள், புளி சேர்ந்தால் நாக்கு அரிக்காது. பிறகு மசாலா தடவி தோசைக்கல்லில் மொறுமொறுவென்று எடுங்கள். தை மாதம் பச்சை மொச்சை வரும்போது குழம்புக்கு வேறெதையும் தேட வேண்டாம்.

நான்காவது: சத்து

புரதத்துக்குப் பயப்பட வேண்டாம், உலர்ந்த மீல்மேக்கர் 100 கிராமில் சுமார் 50 கிராம் புரதம் இருக்கிறது. பயறு, கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், சாப்பிட்டதும் டீ குடிக்காதீர்கள். பி12 மட்டும் செடிகொடிகளில் கிடைக்காது. பாலும் தயிரும் முட்டையும் இருக்கும்வரை ஓரளவு கிடைக்கும், அவற்றையும் நிறுத்துவதானால் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுக்கத்தான் வேண்டும்.

வீட்டில்

எதையும் அறிவிக்க வேண்டாம். அம்மா ஆசையாக வைத்த குழம்பைத் தள்ளிவிட்டால் அன்றைக்கே சண்டை வரும். வாரத்தில் ஒரு இரவு நீங்களே அடுப்படிக்குப் போய் அந்தக் கடலைச் சுக்காவைச் செய்து எல்லாருக்கும் பரிமாறுங்கள். ஒரு மாதம் கழித்து முதல் வாரம் எழுதியதுபோல இன்னொரு வாரம் எழுதிப் பாருங்கள். ஏழு வேளை கறி சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு அது இரண்டாகியிருந்தது.