பழைய எம்ஓ டிஸ்க்: கோப்புகளை எடுப்பது எப்படி, திரும்பப் பயன்படுத்துவது எப்படி

பழைய அச்சகம், ஸ்டூடியோ நடத்தியவர்களின் அலுமாரியில் பிளாப்பியைவிடத் தடிப்பான 3.5 அங்குலப் பெட்டி கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். 128, 230, 540, 640 எம்பி, 1.3 ஜிபி என்று மேலே போட்டிருந்தால் அது எம்ஓ டிஸ்க், அதாவது காந்தமும் ஒளியும் சேர்ந்து எழுதும் தட்டு.

எழுதும்போது லேசர் ஒரு புள்ளியை ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும். சூடான அந்தப் புள்ளியின் காந்தத் திசையைத்தான் காந்தத்தால் மாற்ற முடியும். ஆறியதும் திசை உறைந்துவிடும். ஆகவே ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கிடந்ததே என்று கவலைப்பட வேண்டாம். டிஸ்க் தாங்கும்; முதலில் மண்டையைப் போடுவது டிரைவ்தான். திருகோணமலையின் உப்புக் காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். எனவே முதல் வேலை, உள்ளதை வெளியே எடுப்பது.

படி 1: டிரைவ் தேடுதல். டிஸ்க்கின் கொள்ளளவுக்குச் சமமான அல்லது கூடிய டிரைவ் வேண்டும். 230 எம்பி டிரைவ் 640 டிஸ்க்கை வாசிக்காது. யூஎஸ்பி டிரைவ் கிடைத்தால் பாதித் தலையிடி போச்சு. ஸ்கசி (SCSI) என்ற பழைய இணைப்பு முறை என்றால் கணினியில் தனி அட்டை வேண்டும், இணைப்பு வரிசையின் இரண்டு முனைகளிலும் டெர்மினேட்டர் என்ற முடிப்பான் வேண்டும், ஒவ்வொரு கருவிக்கும் வெவ்வேறு ஐடி எண் வேண்டும். டிரைவுக்குக் கரண்ட் கொடுத்த பிறகே கணினியைப் போட வேண்டும்.

இன்னொன்று: ஜப்பானில் இருந்து வந்த பழைய டிரைவ்களின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கு மட்டும் ஆனதாக இருக்கலாம். நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் புகைதான் மிச்சம். அடாப்டரின் லேபிளை வாசிக்காமல் கரண்ட் கொடுக்காதீர்கள்.

படி 2: எழுத்துத் தடைப் பொத்தானைத் தள்ளித் துளையைத் திறந்துவிடுங்கள். துளை திறந்திருந்தால் டிரைவ் எதையும் எழுதாது. தகட்டு மூடியை விரலால் நகர்த்திப் பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள்.

படி 3: கோப்புகளை ஒவ்வொன்றாக இழுக்காமல் முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே இமேஜ் கோப்பாக, அதாவது டிஸ்க்கின் அச்சு அசல் பிரதியாக, நகலெடுங்கள். லினக்ஸில் டிடி-ரெஸ்கியூ (ddrescue) என்ற மென்பொருள் இதற்கு நல்லது. வாசிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து முயலும். 640 எம்பி, 1.3 ஜிபி டிஸ்க்குகளில் செக்டர், அதாவது ஒரு தடவையில் வாசிக்கும் துண்டு, 2048 பைட். அதற்குக் கீழ் உள்ளவற்றில் 512. அந்த அளவைச் சரியாகக் கொடுங்கள்.

படி 4: கோப்புகளைத் திறத்தல். நினைவு மலரோ கோயில் நோட்டீஸோ திறந்ததும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கொட்டிக் கிடந்தால் டிஸ்க் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். அநேகமாக அது பாமினி, அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய எழுத்துரு. அதை நிறுவினால் தமிழ் வந்துவிடும். பிறகு இன்றைய பொது முறையான யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதி வையுங்கள். பாமினி எழுத்துருக் கோப்பையும் கூடவே போட்டு வையுங்கள்.

படி 5: திரும்ப எழுதுதல். எழுத்துத் தடைத் துளையை மூடிவிட்டு, காலி டிஸ்க்கை ஃபேட் (FAT) என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பெரும்பாலான டிரைவ்கள் முதலில் அழித்து, பிறகு எழுதி, அப்புறம் சரிபார்க்கும். அதனால் வாசிப்பதைவிட எழுதுவது மெதுவாகத்தான் நடக்கும். அவசரப்பட்டு வயரைப் பிடுங்காதீர்கள். டிஸ்க் உள்ளே சிக்கிக்கொண்டால், கரண்டை நிறுத்திவிட்டு முன்பக்கச் சிறு துளையில் பேப்பர் கிளிப்பால் மெல்ல அழுத்துங்கள்.

என்னைக் கேட்டால், எம்ஓ டிஸ்க்கை இரண்டாவது பிரதியாக மட்டும் வைத்திருப்பேன். முதல் பிரதி இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும்.

வாடைக் காலத்தில் டிஸ்க்குகளையும் டிரைவையும் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். எந்த டிரைவில் எழுதியது, என்ன கொள்ளளவு, எந்த எழுத்துரு என்று டப்பா மூடியில் எழுதி ஒட்டுங்கள். டிரைவை இடைக்கிடை ஓட்டிப் பாருங்கள். ஒரு தடவை மக்கர் பண்ணினாலும் அன்றைக்கே எல்லா டிஸ்க்கையும் இமேஜ் எடுத்துவிடுங்கள்.