முதன்முறை கச்சேரிக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கச்சேரிதான். விடியற்காலை மாடவீதி பஜனையில் ஆரம்பித்து இரவு ஒன்பது மணி தாண்டியும் ஏதாவது ஒரு சபாவில் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். "ஒருதடவையாவது உள்ளே போய் உட்கார்ந்து கேட்கணும்" என்று வருஷா வருஷம் சொல்லிவிட்டுப் போகாமலே இருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால், "எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாதே" என்பார்கள்.

தவறுகளில் முதல் தவறு இதுதான்: தெரிந்துகொண்டு போகலாம் என்று காத்திருப்பது. ராகம் காது பழகப் பழக வருவது. அடுத்த அறையில் பேசுவது பாட்டியா அத்தையா என்று கண்டுபிடிக்க நமக்கு யாரும் இலக்கணம் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டுத் தெரிந்தது. கல்யாணியும் தோடியும் அப்படித்தான் அறிமுகமாகும். 72 மேளகர்த்தாவை (தாய் ராகங்களை) மனப்பாடம் செய்துவிட்டு வருகிறவர் அரங்கில் யாரும் இல்லை. ஒன்றுமே தெரியாமல் போங்கள், தப்பே இல்லை.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொண்டு போங்கள். மேடையில் பாடப்படும் கிருதியை, அதாவது பாட்டை, யாரோ ஒரு மகான் 200 வருஷத்துக்கு முன்னால் இயற்றியிருக்கலாம். அதற்கு முன்னால் வரும் ஆலாபனை (வார்த்தையும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிப்பது), நடுவில் வரும் நிரவல் (ஒரே வரியைப் பல விதமாகப் பாடுவது), கடைசியில் வரும் கற்பனை ஸ்வரம் (ச ரி க ம-வை அப்போதே கோத்துப் பாடுவது) ஆகியவை அந்த மேடையில், அந்த நேரத்தில் பிறப்பவை. மனோதர்மம் என்று சொல்வது இதைத்தான். பாடகர் அடுத்து எங்கே போகப்போகிறார் என்று வயலின்காரருக்கே தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு கூடவே போகிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் நாமும் அதில் பங்குதான். நாம் ஊன்றிக் கேட்டால் பாட்டு வளரும், கவனத்தைக் கலைத்தால் சுருங்கும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

எந்தக் கச்சேரிக்குப் போவது என்பதிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதனுடன் ஒரு இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. அன்று முளைத்த டிசம்பர் வழக்கம் இன்று டஜன் கணக்கான சபாக்களாகக் கிளை விட்டிருக்கிறது. பட்டியலைப் பார்த்து மலைத்துப் போய், பேப்பரில் பெயர் பெரிதாக வந்தவரின் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்குவார்கள். நெரிசலில் கடைசி வரிசை கிடைக்கும். ஒரு ராகத்தையும் ஒரே ஒரு வரியையும் நெடுநேரம் விரிக்கும் ராகம் தானம் பல்லவி நடக்கும். பாதியில் தலை சுற்றும். முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது பகல் கச்சேரி. இளம் கலைஞர்கள் பாடுவார்கள், கூட்டம் குறைவு, பல சபாக்களில் அனுமதி இலவசம், நேரமும் குறைவு. நடு வரிசையில் நிம்மதியாக உட்காரலாம். முதல் வரிசைக்கு ஆசைப்பட வேண்டாம். பல அரங்குகளில் அங்கே ஒலிபெருக்கிச் சத்தம்தான் காதை அடைக்கும்.

கால்மணி முன்னதாகப் போய் உட்காருங்கள். சுருதி சேர்க்கும் நேரத்தை 'இன்னும் ஆரம்பிக்கவில்லை' என்று எண்ணிப் பேசிக்கொண்டிருப்பது, புதிதாக வருகிறவர் அறியாமல் செய்யும் தவறு. தம்புராவின் ஷட்ஜம் (ச), பஞ்சமத்தில் (ப) காதை வையுங்கள். அடுத்த இரண்டு மணி நேரமும் பாடகர் எங்கே அலைந்தாலும் திரும்பி வந்து நிற்கும் இடம் அந்த ஷட்ஜம்தான். அதைப் பிடித்துக்கொண்டால் ராகத்தின் பெயர் தெரியாமலேயே பாதி ஆலாபனை புரியும். மிருதங்கக்காரர் கல்லையும் புள் என்னும் மரத்துண்டையும் வைத்து ஓரங்களில் தட்டிக்கொண்டிருப்பார். தொப்பி என்னும் இடது பக்கத் தோலில் ரவை பிசைந்து ஒட்டுவார். ஆண் குரலுக்கு ஏறக்குறைய ஒரு கட்டை, பெண் குரலுக்கு ஐந்து கட்டை என்று சுருதி மாறுவதால் அதற்கேற்ற மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். அரங்கின் ஏசி குளிரில் சுருதி நகரும் என்பதால் பாட்டுக்குப் பாட்டு மறுபடியும் தட்டிப் பார்ப்பார்கள். அந்த அரை நிமிஷமும் அவர்களுக்கு அமைதி வேண்டும்.

தாமதமாகிவிட்டால் கதவருகே நின்று, உருப்படி முடிந்து கைதட்டும்போது உள்ளே போங்கள்.

அடுத்தது பொறுமை. சினிமாப் பாட்டுக்குப் பழகிய காது முதல் நிமிஷத்திலேயே உச்சத்தை எதிர்பார்க்கும். கச்சேரி அப்படிக் கட்டப்பட்டதல்ல. இன்று நாம் கேட்கும் அமைப்பை நிலைநிறுத்தியவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் (1890–1967) சொல்வார்கள். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சின்னக் கிருதிகளில் சூடு பிடித்து, பிறகு ஒரு பெரிய ராகத்தை விஸ்தாரமாக எடுத்து, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் துக்கடா என்னும் லேசான சின்னப் பாட்டுகளில் இறங்கும் அமைப்பு அது. நடுவில் வரும் நீண்ட ஆலாபனையில்தான் புதியவர்கள் சோர்ந்துபோகிறார்கள். வார்த்தை இல்லை, தாளம் இல்லை, எதைப் பிடிப்பது? பாடகர் ஒரு சின்னப் பிடியை, அதாவது ஸ்வரத் தொடரை, திரும்பத் திரும்பத் தொட்டுவிட்டுப் போவதைக் கவனியுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவார். மேல் ஷட்ஜத்தைத் தொடாமல் தொடாமல் சுற்றி வந்து, கடைசியில் அதில் போய் நிற்கும்போது அரங்கமே மூச்சு விடும். அதை உணர ராகத்தின் பெயர் தேவையில்லை.

அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளும் தவிப்புதான் இன்னொரு தவறு. ஆலாபனை தொடங்கிய பத்தாவது விநாடியில் பக்கத்தில் திரும்பி "என்ன ராகம்?" என்று கிசுகிசுப்பது, அவர் "காம்போதியா, யதுகுலகாம்போதியா" என்று யோசிப்பது, இருவருமே பாட்டைக் கோட்டை விடுவது. பாட்டின் முதல் வரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ராகம், தாளம், இயற்றியவர் மூன்றும் வீட்டுக்குப் போய் அந்த ஒரு வரியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

மொழி புரியவில்லை என்று மனதை மூடிக்கொள்வதும் அப்படித்தான். தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் பல கிருதிகள் வரும், உண்மைதான். ஆனால் தியாகராஜர், முத்துஸ்வாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்த ஊர் நம் திருவாரூர். பாட்டின் கடைசிப் பகுதியான சரணத்தில் வரும் முத்திரைக்கு, அதாவது இயற்றியவர் தன் அடையாளமாக வைக்கும் சொல்லுக்கு, காது கொடுங்கள். 'தியாகராஜ' என்று வந்தால் அவர், 'குருகுஹ' என்று வந்தால் தீட்சிதர், 'சியாமகிருஷ்ண' என்றால் சாஸ்திரி, 'ராமதாசன்' என்றால் பெரும்பாலும் பாபநாசம் சிவன். முதல் கச்சேரியில் ஒரு முத்திரையை நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டால் அன்று தூக்கம் வராது.

கைதட்டுவதில் தயங்க வேண்டாம். பாடகர் ஆலாபனை முடித்ததும் தட்டலாம். உடனே வயலின்காரர் அதே ராகத்தைத் தன் பங்குக்கு வாசிப்பார். பாடகர் நிறுத்திவிட்டார் என்பதற்காக இங்கே பேச ஆரம்பிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். பாடகர் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்ட ராகத்தை அவர் நாலு நிமிஷத்தில், சற்றுமுன் கேட்ட பிடிகளையும் தொட்டுக்கொண்டு, தன் வழியிலும் சொல்லியாக வேண்டும். அந்த வில்லுக்கும் காது கொடுத்து, முடித்ததும் அதே அளவு கைதட்டல் கொடுங்கள். நல்ல ஒரு பிடி விழும்போது தன்னை மறந்து "ஆஹா" என்று வந்தால் வரட்டும், மேடைக்கு அது உரம். வயலின்காரரின் பெயரைத் தெரிந்துகொண்டு வீடு திரும்புகிறவர் பத்து கச்சேரியில் நல்ல ரசிகராகிவிடுவார் என்பது என் அனுபவம்.

தாளம் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடையில் பளீர் பளீர் என்று போட வேண்டாம். முன் வரிசையில் ஒருவர் தப்பாகப் போடும் தாளம் பாடகரின் கண்ணில்தான் முதலில் படும், கணக்கோடு ஸ்வரம் பாடும் நேரத்தில் அது பெரிய தொந்தரவு. பாடகரின் கையைப் பாருங்கள், அதுதான் உங்களுக்குப் பாடம். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டித் திருப்புவது இரண்டு முறை, ஆக எட்டு எண்ணிக்கை. கனமான கிருதிகளில் ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாகப் போடுவார்கள், அது ரெண்டு களை. பாட்டு தாளத்தின் முதல் தட்டில்தான் தொடங்கும் என்று எண்ணாதீர்கள். எடுப்பு கொஞ்சம் தள்ளியும் இருக்கும். ஓசையில்லாமல் விரலால் எண்ணிக்கொண்டு வந்தால் போதும்.

இந்த எண்ணிக்கைக்குப் பலன் கிடைக்கும் இடம் தனி ஆவர்த்தனம். முதல்முறை போகிறவர்கள் செய்யும் தவறுகளிலேயே பெரியது, தனி விட்டதும் எழுந்து கேன்டீனுக்குப் போவது. நானும் என் முதல் கச்சேரியில் அதைத்தான் செய்தேன். பாடகர் வாயை மூடியதும் என் வரிசையில் பாதிப்பேர் எழுந்தார்கள். இடைவேளை போலும் என்று நானும் எழுந்தேன். கையில் காபியோடு வெளியே நின்றபோது உள்ளேயிருந்து ஒரு பெரிய கைதட்டல் கேட்டது. எதற்கு அந்தக் கைதட்டல் என்று எனக்குப் புரிய இன்னும் இரண்டு சீசன் ஆனது.

அது இதற்குத்தான். அதுவரை பாட்டைத் தாங்கிக்கொண்டிருந்த மிருதங்கத்துக்கு இப்போதுதான் சொந்தமாகப் பேச வாய்ப்பு. முதலில் மிருதங்கம் நிதானமாக ஒரு சுற்று வாசிக்கும். கடமோ கஞ்சிராவோ அதற்குப் பதில் சொல்லும். ஒருவர் திஸ்ர நடையில் (மூன்று மூன்றாகப் போகும் நடை) ஒரு கேள்வி போட்டால் மற்றவர் அங்கிருந்து வேறெங்கோ போவார். பிறகு குறைப்பு வரும்: இவருக்கு இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), அவருக்கு இரண்டு, அது ஒன்றாகி, பாதியாகி, காலாகி, கடைசியில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்து பொழிவார்கள். அப்புறம் மோரா என்னும் சிறு முடிப்பு, அதன்பின் கணக்கிட்டுக் கட்டிய கோர்வை. கோர்வையை மூன்று முறை வாசிப்பார்கள். அந்தச் சொற்கள் தாளத்தோடு மல்லுக்கு நிற்பது போலவே இருக்கும்; ஆனால் மூன்றாவது முறை முடிகிற இடம் பாட்டின் எடுப்பில் துல்லியமாக விழும். ரெண்டு களை ஆதி தாளம் என்றால் ஒரு ஆவர்த்தனத்துக்கு 64 மாத்திரை (பதினாறு எண்ணிக்கை, ஒவ்வொன்றும் நாலாக). அத்தனையையும் கடந்து வந்து அந்த ஒரு புள்ளியில் இறங்குவது. அதே கணத்தில் பாடகர் விட்ட வரியை எடுத்துப் பாடுவார். அந்த இறக்கத்துக்குத்தான் அந்தக் கைதட்டல். விரலில் எண்ணிக்கொண்டே இருந்திருந்தால் உங்களுக்கும் உடம்பு சிலிர்க்கும்.

எழுந்து போகிறவர்களால் வாசிப்பவர்களுக்கு நேரும் வலியையும் நினைத்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் சாதகம் செய்த கைகள் வாசிக்கத் தொடங்கும்போது முதுகுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சபா கேன்டீன் சீசனின் சந்தோஷங்களில் ஒன்று, மறுக்கவில்லை. கச்சேரிக்கு முன்னால் போங்கள், முடிந்தபின் போங்கள்.

மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். போனை அணைத்துவிடுங்கள்; சத்தம் இல்லாவிட்டாலும் இருட்டில் அந்த வெளிச்சம் பின்னால் இருப்பவர் கண்ணைக் குத்தும். அனுமதியில்லாமல் பதிவு செய்யாதீர்கள். பட்டுப்புடவை, வேட்டி கட்டாயமில்லை. சுத்தமான எந்த உடையும் சரி, குளிருக்கு ஒரு சால்வை இருந்தால் நல்லது. சரசரக்கும் பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். குழந்தையோடு போனால் ஓர இருக்கை. பிடித்த பாட்டைக் கேட்டுச் சீட்டு அனுப்பும் வழக்கம் உண்டு. அதைத் தனி முடிந்தபின் துக்கடா நேரத்துக்கென்று அனுப்புங்கள். பாடிக்கொண்டிருக்கும்போது மேடைக்குச் சீட்டு போனால் பாடகரின் கண் அதன் மேல்தான் போகும்.

யூடியூபில் கேட்ட அதே பாட்டு அதே மாதிரி வரவில்லை என்று ஏமாற வேண்டாம். அதே கலைஞரே நேற்றுப் பாடியதை இன்று பாடமாட்டார். அதைக் கேட்கத்தான் வீட்டை விட்டுக் கிளம்பி வந்தோம்.

மங்களம் ஆரம்பித்ததும் செருப்பைத் தேடும் பரபரப்பு கிளம்பும். பெரும்பாலும் சௌராஷ்டிர ராகத்தில் 'பவமான' என்று எடுப்பார்கள். கேட்டதுமே இதுதான் கடைசி என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிஷம்தான், உட்கார்ந்திருங்கள். மிருதங்கம் நின்றபின்னும் தம்புரா சில விநாடி ஒலித்துக்கொண்டிருக்கும். கச்சேரி தொடங்கும் முன் நீங்கள் காது கொடுத்த அதே ஷட்ஜம் அது.